சுவரில் மாட்டிய குடிசை

(வாழப்பாடி படிப்பகத்தில் நடந்த வாரக் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது)



இன்று பேசுவதற்கு எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் ஒரு படம். ஒரு மாதமாக இந்தப் படிப்பகத்து மேஜைக்கு அடியில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறதே, அந்தப் படம்தான். சேகோ ஆலையில் வேலை செய்யும் நம் வாலிபர்கள் ஏழெட்டுப் பேர் உதகமண்டலம் பார்க்கப் போனார்கள். வீட்டுக்குத் தைலமும் வர்க்கியும் வாங்கினார்கள். படிப்பகத்துக்கு என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இதை வாங்கி வந்தார்கள். இரண்டு முழ நீளம், கண்ணாடி போட்டது. மலைச்சரிவு, மூடுபனி, நடுவிலே கவிழ்த்த பீப்பாய் மாதிரி வளைந்த கூரையோடு ஒரு குடிசை, அதன் வாசலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டி. கீழே ஆங்கிலத்தில் 'ஆதிகாலக் குடிசை' என்று பொருள்படும்படி அச்சிட்டிருக்கிறது.

மாட்டலாமா, கூடாதா என்று இரண்டு கட்சி ஆகிவிட்டது. லெனின் படம் தொங்கும் சுவரில் குடிசைப் படம் எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். காசு போட்டு வாங்கியாயிற்று, அழகாகத்தானே இருக்கிறது என்று வாலிபர்கள் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் களை வெட்டிவிட்டு நேரே இங்கே வந்த ஒரு தாயார் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "எங்க கூரையையும் இப்படிப் படம் புடிச்சுக் கண்ணாடி போட்டா எவன் காசு குடுத்து வாங்குவான்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பத்தாவது தேறியவன், பெரிய படிப்பு இல்லை. அந்தக் கேள்விக்காக இரண்டு மூன்று புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று. சங்க வேலையாக உதகைக்குப் போனபோது நேரில் பார்த்ததும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் இது யார் வீடு? நீலகிரியில் எருமை மேய்த்து வாழும் தோடர்களின் வீடு. அவர்கள் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். உதகமண்டலம் என்று நாம் சொல்கிற ஊர்ப் பெயரின் வாலிலேயே அந்த மந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய 'ஊட்டகமண்ட்' என்பதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். ஒரு மந்தில் நாலைந்து வீடுகள், எருமைப் பட்டி, பால்மனை. அந்தப் பால்மனைதான் அவர்களுக்குக் கோயில். பால் கறப்பதும் கடைவதுமே அங்கே பூசை. பால்மனைக்கும் இதே வளைந்த கூரைதான் உண்டு. ஆகையால் கடைக்காரர்கள் பல சமயம் கோயிலைப் படம் எடுத்துக் குடிசை என்று விற்றுவிடுகிறார்கள். நம் படத்தில் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதால் இது வீடுதான். பால்மனைக்குள் பெண்கள் போகக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அது சரி என்று நான் சொல்லமாட்டேன்; நம் ஊர்க் கோயில்களில் யார் யார் எங்கே நிற்க வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டு, அவர்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன்.

கூரை வேய்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் கொஞ்சம் முன்னால் வந்து படத்தைப் பாருங்கள். நம் கூரைக்கு விட்டம் உண்டு, வாரை உண்டு, சுவர் உண்டு. இந்த வீட்டுக்கு விட்டமும் இல்லை, பக்கச் சுவரும் இல்லை. கூரையே இரண்டு பக்கமும் தரை வரை இறங்கிச் சுவர் ஆகிறது. கனத்த மூங்கிலை வளைத்து இரண்டு முனையையும் மண்ணில் ஊன்றுகிறார்கள். அதன் மேல் பிரம்பை ஒன்றுக்கொன்று நெருக்கமாக, இழை இழையாக வைத்துக் கட்டுகிறார்கள். அதற்கு மேலே உலர்ந்த புல்லைப் படிப்படியாக அடுக்குகிறார்கள். உயரம் சுமார் 10 அடி, நீளம் 18 அடி, அகலம் 9 அடி. முன்னும் பின்னும் பலகையோ செதுக்கிய கல்லோ வைத்து அடைக்கிறார்கள். சுற்றிலும் சாந்து பூசாத கல் சுவர். வாசல் மூன்றடிதான். பெரியவர்கள் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். ஏன் அப்படி? மார்கழியில் உதகைக்குப் போனவர்களுக்குத் தெரியும், உறைபனி விழுகிற இடம். சின்ன வாசலில் குளிரும் நுழையாது, காட்டு மிருகமும் எளிதில் நுழையாது. உள்ளே படுக்க மேடை, அடுப்பு, தரையிலேயே குழித்த உரல்.

மலைக்காற்று இந்த வளைந்த கூரைமேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். நம் கூரையானால் ஆடிக் காற்று விளிம்பில் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறது. என் தாயார் கரும்புச் சோகை வேய்ந்த வீட்டில்தான் எங்களை வளர்த்தார். ஆடி மாதம் வந்தால் கூரைமேல் கயிறு போட்டு அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம். ஆகவே சொல்கிறேன், இந்த வீட்டைக் கட்டியவன் காற்றையும் குளிரையும் கணக்குப் போட்டவன். அதைப் போய் 'ஆதிகாலம்' என்று அச்சடிக்கிறார்கள். ஆங்கிலேயன் மட்டும் சொன்ன வார்த்தை என்று நினைக்காதீர்கள். நம் சர்க்காரின் ஏடுகளிலும் தோடர் முதலான பழங்குடிகளுக்கு அதே பொருளில்தான் பெயர் இருந்தது. 2006-ல்தான் அதை மாற்றினார்கள்.

இப்போது படத்தின் கதைக்கு வருகிறேன். இந்தக் குடிசையைப் படம் எடுத்து விற்பது இன்று நேற்று வந்த வியாபாரம் அல்ல. காமிரா இந்தியாவுக்கு வந்த சில பத்து வருஷங்களிலேயே அது நீலகிரி ஏறிவிட்டது. சாமுவேல் போர்ன் என்று ஒரு ஆங்கிலப் படக்காரர், பெரிய பெயர் பெற்றவர், 1860-களின் கடைசியில் அங்கே வந்து தோடர்களையும் மந்துகளையும் படம் எடுத்தார். இன்று போலச் சட்டைப்பையில் வைக்கும் காமிரா இல்லை. பெரிய மரப்பெட்டி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம். தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். அதே போர்ன் இமயமலைக்குப் போனபோது இந்தச் சாமான்களைச் சுமக்கப் பல பத்துக் கூலியாட்கள் கூடப் போனார்கள். பனிமலைப் படங்கள் பிரசித்தம். சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை.

படம் பிடிபடும் வரை ஆட்கள் அசையக் கூடாது. பழைய தோடர் படங்களில் முகங்கள் இறுகிப்போய், கோபக்காரர்கள் மாதிரி இருக்கும். அதைப் பார்த்து அவர்கள் குணத்தை எழுதியவர்கள் உண்டு! சும்மா உட்காரச் சொல்லி அசையாதே என்று அதட்டினால் யார் முகம்தான் மலரும்? 1873-ல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடர்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்து ஆளின் புத்தியைச் சொல்லிவிடலாம் என்று அந்தக் காலத்தில் ஒரு போலி சாஸ்திரம் இருந்தது. அவர் அந்த சாஸ்திரக்காரர், புத்தகத்தின் தலைப்பிலேயே அதைச் சொல்லிக்கொண்டார். அதிலும் போட்டோக்கள் நிறைய உண்டு. பிறகு பென் என்பவர் 1875 முதல் உதகையிலேயே ஸ்டூடியோ வைத்து நடத்தினார். கோடைக்கு வரும் துரைமாரும் துரைசானிகளும் படங்களை வாங்கி ஆல்பத்தில் ஒட்டி லண்டனுக்குக் கொண்டு போனார்கள். இன்று அந்தப் படங்கள் மியூசியங்களில் இருக்கின்றன. பழைய அச்சுப் பிரதி ஏலத்துக்கு வந்தால் நல்ல விலை போகிறது.

சரி, துரைமாருக்கு இந்தக் குடிசைமேல் ஏன் இத்தனை ஆசை? குடிசையை அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் குடிசைக்கு வேண்டிய நிலம் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார். 1822-ல் உதகையில் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பது அந்த ஊரில் எல்லோரும் சொல்லும் சரித்திரம். நியாயமாகப் பேச வேண்டும்: இதே சல்லிவன்தான், மலை தோடர்களின் சொத்து, அவர்களுக்கு ஈடு கொடுக்காமல் எடுக்கக் கூடாது என்று மதராஸ் சர்க்காரோடு வாதாடியவர். சர்க்கார் கேட்கவில்லை. எருமை ஒரு பருவத்தில் ஒரு சரிவிலும் அடுத்த பருவத்தில் இன்னொரு சரிவிலும் மேயும். மேயாத மாதத்தில் அந்தச் சரிவு சும்மா கிடக்கிறது அல்லவா? சும்மா கிடப்பது தரிசு, தரிசு சர்க்காருடையது, இதுதான் வாதம். நம் ஊர்ப் புறம்போக்கில் மாடு மேய்த்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல.

அப்புறம் காப்பி வந்தது, சின்கோனா வந்தது, தேயிலை வந்தது. 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகை மரமும் கொண்டுவந்து நட்டார்கள். வாலிபத் தோழர்களே, வீட்டுக்கு வாங்கி வந்தீர்களே தைலம், அந்த மரம்தான். அது நின்ற இடம் பெரும்பாலும் புல் நின்ற இடம். வெள்ளைக்காரன் போன பிறகும் நடவு நிற்கவில்லை, கூடத்தான் செய்தது. ஐந்தாண்டுத் திட்டங்களில் மலை உச்சிப் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் வரிசை வரிசையாக ஏறின. சீகைப் பட்டை தோல் பதனிட. மரம் கூழாக்கச் செயற்கைப் பட்டு நூல் எடுக்க. 1960-களில் சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை ஓட ஆரம்பித்ததும் நீலகிரி மரம் அங்கேதான் இறங்கியது. ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்யும் தோழர்களில் விஸ்கோஸ் பஞ்சைக் கையில் தொட்டவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா! அந்தப் பஞ்சுக்கு ஒரு காலத்தில் புல்தரை வேராக இருந்தது.

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். அதனால்தான் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் அத்தனை பெருகின. 1956-க்குப் பிறகு கனடா தேசத்து உதவியோடு குந்தாத் திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று அணைகள். மலைப் பள்ளத்தாக்கு மேய்ச்சல்கள் தண்ணீருக்கு அடியில் போயின. நான் அணைக்கு விரோதி அல்ல. மில் ஓட வேண்டும், கிணற்றில் மோட்டார் ஓட வேண்டும், தொழிலாளிக்கு வேலை வேண்டும். ஆனால் நம் விளக்குக்கு யார் திரி கொடுத்தார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? முதலாளி கணக்குப் புத்தகத்தில் அது ஏறவில்லை. நம் கணக்கிலாவது ஏறட்டும்.

இன்னொரு விஷயம், இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 1967-ல் உதகையிலேயே சர்க்கார் ஒரு போட்டோ பிலிம் தொழிற்சாலையைத் திறந்தது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பம், நம் தொழிலாளிகளின் கை. 'இந்து' என்று பெயர் போட்டுக் கறுப்பு வெள்ளை பிலிமும், போட்டோக் காகிதமும், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமும் வந்தன. தூசி துளிகூட ஆகாது, வெளிச்சமும் ஆகாது என்பதால் மலைமேல் இருட்டறைகளில் ஆணும் பெண்ணும் கைத்தடவலில் வேலை பார்த்தார்கள். இங்கே இருக்கும் பெரியவர்கள் வீட்டுக் கல்யாணப் படம், இறந்த பெரியவர்களின் மாலை போட்ட படம், எத்தனையோ அந்தக் காகிதத்தில் கழுவியதாக இருக்கும். பிறகு கலர் பிலிம் வந்தது, இறக்குமதி வந்தது, பிலிமே வேண்டாத காமிராவும் வந்தது. 1996-ல் நலிந்த தொழிற்சாலை என்று அறிவித்தார்கள். பல வருஷம் இழுத்தடித்து, கடைசியில் ஆட்களுக்குக் கணக்கு முடித்து மூடினார்கள். குடிசை இருந்த மலையிலேயே, அதைப் படமாக்கும் காகிதம் செய்த தொழிலாளியும் இருந்தான். புல்லும் போயிற்று, பிலிமும் போயிற்று. படம் மட்டும் கடையில் தொங்குகிறது.

மலைக் குடிசைப் படங்களுக்கு வெளி தேசத்திலும் கிராக்கி உண்டு. ஐரோப்பாவில் ஸ்லொவேனியா என்று ஒரு சின்ன நாடு, முன்பு யூகோஸ்லாவியாவில் இருந்தது. அங்கே வெலிகா ப்ளானினா என்ற உயர்ந்த மேட்டுநிலத்தில் மாடு மேய்ப்பவர்களின் குடிசைகள். கோடையில் மட்டும் மாட்டோடு மேலே ஏறுவார்கள். மரச்சில்லு வேய்ந்த கூரை தரையைத் தொடுமளவு இறங்கும். நடுவில் மனிதர், சுற்றிலும் அதே கூரையின் கீழ் மாடு. 1945-ன் தொடக்கத்தில், பனிக்காலத்தில், கொரில்லா வீரர்கள் ஒளிந்துகொள்வார்கள் என்று ஹிட்லரின் படைகள் அந்தக் குடிசைகளைக் கொளுத்தின. யுத்தம் முடிந்ததும் மேய்ப்பவர்கள் திரும்பி வந்து கட்டினார்கள். பழைய மாதிரியிலேயே நிற்கும் ஒரு குடிசை இப்போது மியூசியம். அங்கேயும் படம் எடுக்கிறார்கள், பெரிதாக்கி வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆனால் இன்றைக்கும் கோடையில் அந்த மேட்டில் மாடு மேய்கிறது. மேய்ச்சல் இருக்கிறது, ஆகவே குடிசையும் இருக்கிறது.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். நம் கூரையை யார் வாங்குவான்? பங்களாச் சுவரில் தோடர் குடிசையை மாட்டுகிற ஆசாமி, தன் தோப்பு ஓரத்தில் கூலிக்காரன் கூரை போட்டால் பொறுப்பானா? படத்துக் குடிசை கூலி கேட்காது. அதன் அடுப்புப் புகை கண்ணில் படாது. அங்கிருந்து யாரும் எழுந்து வந்து, அரைப்படி குறைகிறது ஐயா என்று சொல்லமாட்டார். அதனால் அது அழகாக இருக்கிறது. 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் பெரியவர்களும், ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். அந்தக் குடிசையும் ஒரு குடிசைதான். அதை எந்தப் பங்களாவில் மாட்டுவார்கள்?

மிராசுதார் நிலத்தில் கூரை போட்டவன் அவன் சொன்னால் இரவோடு இரவாகச் சட்டி பானையோடு கிளம்ப வேண்டிய நிலைமை இந்த மாகாணத்தில் இருந்தது. அதை மாற்றக் குடியிருப்பு மனைச் சட்டம் 1971-ல்தான் வந்தது, சும்மாவும் வரவில்லை. மனை கையில் இருந்தால்தான் கூரை நிற்கும். தோடருக்கு மனை மட்டும் போதாது, புல்லும் வேண்டும். எருமைக்கு ஒரு புல், கூரைக்கு வேறு புல். கூரைப் புல் மலை உச்சிச் சதுப்பில்தான் வளரும். சதுப்பு வறண்டாலும் மரம் ஏறினாலும் அது போய்விடும். பிரம்பும் மூங்கிலும் காட்டிலிருந்து வர வேண்டும். காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக எட்டாமல் போனதால் தோடர்களில் அநேகர் இன்று சர்க்கார் கட்டிக் கொடுத்த காரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருக்கிறார்கள். வளைகூரை வீடு மந்துக்கு ஒன்று இரண்டு இருந்தால் அதிகம். பால்மனைகளை மட்டும் விடாமல், புல் அறுத்து, ஊரெல்லாம் கூடி, புதுப்பிக்கிறார்கள்.

உதகைத் தாவரப் பூங்காவுக்கு மேலே ஏறினால் ஒரு மந்து இருக்கிறது. நான் போனபோது கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து அங்கே இருக்கும் ஒரே வளைகூரை வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காரை வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மாள் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். காரை வீடு படத்தில் விழக் கூடாது என்று எல்லோரும் காமிராவை ஒதுக்கி ஒதுக்கி வைத்தார்கள். நானும் அப்படித்தான் ஒதுங்கி நின்று பார்த்தேன் என்று வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அந்த அம்மாள்தான், எதிலிருந்து ஒதுங்குகிறாய் என்பது போல நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் தையல் என்று வேறொருவன் போலிச் சரக்கை விற்க முடியாது என்று சட்டம். நல்லது. வீட்டுப் படத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. எவனும் எடுக்கலாம், எவனும் விற்கலாம், வாசலில் உட்கார்ந்த மூதாட்டிக்கு ஒரு காசு போக வேண்டியதில்லை. நம் வாலிபர்கள் கொடுத்த பணத்தில் அவருக்கு ஏதாவது போயிருக்குமா? கடைக்காரரைக் கேட்டீர்களா? கேட்கவில்லை. அடுத்த தடவை கேளுங்கள்.

குடிசையே உத்தமம், அதிலேயே இருங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பங்களாக்காரன் பேச்சு. ஒழுகாத வீடு, நிமிர்ந்து நுழையும் வாசல், விளக்கு, கக்கூஸ் எல்லாம் தோடருக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும். தோடர் வளைகூரை கட்ட விரும்பினால் அதற்குப் புல்லும் பிரம்பும் கிடைக்க வேண்டும். காரை வீடு விரும்பினால் குளிருக்குத் தாங்கும்படி அது கட்டப்பட வேண்டும். எது என்று தீர்மானிக்க வேண்டியவர் உள்ளே படுப்பவர். 2006-ன் வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமை தெளிவாக எழுதியிருக்கிறது. நமக்கு வடகிழக்கே தெரிகிற கல்வராயன் மலை ஜனங்களுக்கும் அதே சட்டம்தான். ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து அவர்கள் விடுபட 1976 வரை ஆயிற்று. மனு எழுத, கிராம சபை கூட்ட, அங்கே நம் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு போகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

படத்தைப் பற்றி என் யோசனை: மாட்டுவோம். லெனின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுவோம், அவர் ஆட்சேபிக்கமாட்டார். ஆனால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்தை மறைத்து ஒரு காகிதம் ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் கையெழுத்து நன்றாக இருப்பவர் எழுதட்டும். இதுதான் வாசகம்: 'நீலகிரித் தோடர் வீடு. மூங்கில், பிரம்பு, மலைப் புல் கொண்டு அவர்களே கட்டியது. உயரம் 10 அடி, நீளம் 18 அடி, வாசல் 3 அடி. வாசலில் இருப்பவர் பெயர் படம் எடுத்தவர் குறிக்கவில்லை.'

மேற்குச் சுவரில் வேண்டாம். போன மழையில் அது ஊறியிருக்கிறது, படம் கெட்டுவிடும். கிழக்குச் சுவரில், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஆணி அடியுங்கள்.